வில்லடித்தவர் எழுதிய நாவல்



நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லுக்குட், பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு காலத்தில் கித்தா மரக்காடும் அதன் நடுவே ஒரு மாரியம்மன் கோயிலும் கண்ணில் படும். நாங்கள் பிறந்து வளர்ந்ததும் அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில்தான். ஆண்டுத் திருவிழா என்றால் மேளக்காரர்கள் பட்டணத்திலிருந்து லாரியில் வந்து இறங்குவார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் சூழ்ந்துகொள்வோம். பின்னால் ஒருவர் ஒத்துக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, ஒரே ஒலியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார். அவர் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

“தாத்தா, அவரு மட்டும் ஏன் ஒரே மாதிரி ஊதுறாரு?” என்று ஒருமுறை கேட்டோம்.

“அவரு நிறுத்தட்டும். அப்பத் தெரியும்,” என்றார் தாத்தா.

அந்தப் பதிலின் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அதை எங்களுக்கு விளக்கியது ஒரு நாவல். எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு. நாவலின் பெயர் ‘தில்லானா மோகனாம்பாள்’.

சுப்பு 1910-ஆம் ஆண்டு பிறந்தவர். கொத்தமங்கலம் என்ற ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். நாடக மேடையில் நடித்தும் பாடியும் பழகி, பின்னர் சென்னைக்குச் சென்று ஜெமினி ஸ்டூடியோவில் எஸ். எஸ். வாசனிடம் சேர்ந்தார். அங்கே அவர் செய்யாத வேலை இல்லை. பாட்டெழுதினார், கதை அமைத்தார், நடித்தார், இயக்கினார். கே. பி. சுந்தராம்பாள் நடித்து 1953-இல் வெளிவந்த ‘ஔவையார்’ படம் இவர் இயக்கியதே. இத்தனைக்கும் மேலாக, காந்தியடிகளின் வாழ்க்கையைக் கிராமத்து மெட்டில் ‘காந்தி மகான் கதை’ என்று எழுதி, வில்லுப்பாட்டாக ஊர் ஊராகப் பாடினார். பாட்டும் கூத்தும் அறிந்த இந்தக் கலைஞர்தான் 1950-களின் பிற்பகுதியில், ‘கலைமணி’ என்ற புனைபெயரில், ஆனந்த விகடனில் தொடர்கதை எழுத உட்கார்ந்தார்.

வில்லுப்பாட்டு எப்படி நடக்கிறது என்பதை இளைய நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். அது நெல்லை, குமரிச் சீமைக்கு உரிய கலை. மணிகள் கட்டிய பெரிய வில்லை ஒரு மண்குடத்தின் மேல் சார்த்தி வைப்பார்கள். தலைமைப் பாடகர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிப் பாடுவார். குடம் அடிப்பவர் ஒருவர். உடுக்கை அடிப்பவர் ஒருவர். தாளம் போடுபவர் ஒருவர். தலைமைப் பாடகர் கதையில் ஒரு அடி சொன்னால், பக்கத்தில் இருப்பவர் “ஆமா” என்று ஏற்று, அடுத்து என்ன என்று தூண்டுவார். அந்த “ஆமா” இல்லையென்றால் கதை நகராது. தனி ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வில்லுப்பாட்டுத் தனியாக நடத்த முடியாது. இப்படிக் கூட்டத்தோடு பாடிப் பழகிய ஒருவர் நாவல் எழுதினால், அந்த நாவலில் ஒரே ஒரு கதாநாயகன் மட்டும் எப்படி நிற்பான்?

‘தில்லானா மோகனாம்பாள்’ கதையை நம்மில் பலரும் அறிவோம். சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வர வித்துவான். மோகனாம்பாள் நாட்டியக்காரி. இருவரும் போட்டியில் தொடங்கிக் காதலில் முடிகிறார்கள். கேட்பதற்கு இது இருவர் கதை போல இருக்கும். ஆனால் உண்மையில் இது இரண்டு மேளங்களின் கதை.

அக்காலத்தில் நாதஸ்வரக் குழுவுக்குப் பெரிய மேளம் என்று பெயர்; நாட்டியக் குழுவுக்குச் சின்ன மேளம் என்று பெயர். பெரிய மேளத்தில் நாதஸ்வரம், தவில், ஒத்து, தாளம் உண்டு. சின்ன மேளத்தில் ஆடுபவர், நட்டுவனார், மிருதங்கக்காரர் ஆகியோர் உண்டு. இரண்டும் ஒரே கோயிலை நம்பிப் பிழைத்தவை. ஆனாலும் இரண்டுக்கும் இடையே மதிப்புப் போட்டி உண்டு. கோயில்களும் ஜமீன்தார்களும் ஆதரித்த அந்த வாழ்க்கை மெல்ல மெல்ல மாறியது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நெடுங்காலம் போராடினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஒரு கொடுமை ஒழிந்தது; அதே வேளையில் ஆடிப் பாடி வாழ்ந்த குடும்பங்கள் பல, வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. சுப்பு எழுத உட்கார்ந்தபோது அந்தப் பழைய உலகம் கலைந்து போயிருந்தது. கலைந்து போன ஒரு கூட்டத்தைப் பெயர் பெயராக நினைவில் எழுப்பி உட்கார வைத்தார் அவர். அந்த நாவலின் அருமை இதில் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

அதில் சண்முகசுந்தரம் பெரிய கலைஞன், ஆனால் முன்கோபி. எடுத்த எடுப்பில் வாத்தியத்தை வைத்துவிட்டு எழுந்து போகிறவன். அவனைத் தாங்குவது யார்? கூட வரும் தவில்காரர் முத்துராக்கு முதலியவர்கள். அவன் கோபத்தால் கச்சேரி போனால் அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆனாலும் விட்டுப் போவதில்லை. பதமாகச் சொல்லித் திருத்துகிறார்கள். மற்றொரு பக்கம் வைத்தி. அவனும் நண்பனைப் போலவே சிரிக்கிறான்; எல்லார் வீட்டிலும் நுழைகிறான்; ஆனால் ஒவ்வொரு உறவையும் காசாக மாற்றப் பார்க்கிறான். திருக்குறளில் ‘நட்பு’ என்றும் ‘கூடா நட்பு’ என்றும் தனித்தனி அதிகாரங்கள் உண்டு. அந்த இரண்டையும் முத்துராக்காகவும் வைத்தியாகவும் நம் கண்முன் நடமாட விட்டார் சுப்பு. நம் தோட்டங்களிலும் இந்த இருவரையும் நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

1968-இல் ஏ. பி. நாகராஜன் இதைப் படமாக எடுத்தார். சிவாஜி கணேசன், பத்மினி, பாலையா, நாகேஷ், மனோரமா ஆகியோர் நடித்தனர். இந்தப் படத்தைப் பற்றித் திரையுலகில் ஒரு செய்தி சொல்வார்கள். கதையின் உரிமைக்காக வாசன் ஒரு தொகை பெற்றார். பின்னர் நாகராஜன் சுப்புவுக்கும் தனியே பணம் கொடுக்கப் போனார். ஆனால் வாசன் தாம் பெற்றதை முன்பே சுப்புவிடம் கொடுத்துவிட்டிருந்தார். ஆகவே சுப்பு மறுபடி வாங்க மறுத்துவிட்டார் என்பது அந்தச் செய்தி. முதலாளி தொழிலாளியின் உழைப்பை மறக்கவில்லை; தொழிலாளி ஒரே வேலைக்கு இரண்டு கூலி கேட்கவில்லை.

திரையில் சிவாஜி வாசிப்பது போல் நடித்தார். உள்ளே ஒலித்த மூச்சு மதுரை சகோதரர்கள் சேதுராமன், பொன்னுசாமி இருவருடையது. அண்ணன் தம்பி இருவர் ஒரு மூச்சுப்போல் வாசித்ததைத்தான் உலகம் ஒருவர் வாசிப்பாகக் கேட்டது.

அந்தப் படம் எங்கள் தோட்டத் திடலுக்கும் வந்தது. இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினார்கள். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டியவர்களும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தறியாத பாட்டிமார்களுக்குக் கதை முன்பே தெரியும். பழைய விகடன் இதழ் ஒன்று கையில் கிடைத்தால், லயத்தில் ஒருவர் படிக்க, வெற்றிலை போட்டபடி பத்துப் பேர் கேட்பார்கள். “ம்” கொட்டிக் கேட்பார்கள். இப்போது நினைத்தால், அதுவும் ஒரு வில்லுப்பாட்டுத்தான்.

நம் தோட்ட வாழ்க்கையும் மேளம் போன்றதே. பால் வெட்டுபவர் மட்டும் தோட்டம் ஆவாரா? ஆயாக் கொட்டகையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பாட்டி இருந்ததால் தாய் மரத்துக்குப் போனாள். காய்ச்சலில் படுத்தவருடைய நிறையைப் பக்கத்து நிறைக்காரர் சேர்த்து வெட்டிக் கொடுத்ததுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பலர் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் தம் சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கட்டிய பணம், தோட்டங்களையே வாங்கியது. ஒவ்வொருவர் கட்டியதும் சிறு தொகை. சேர்ந்தபோது அது நிலமாயிற்று.

பின்னர் கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஒரே லயத்தில் இருந்தவர்கள் சிரம்பான், நீலாய் என்றும் அதற்கு அப்பாலும் சிதறிப் போனார்கள். சுப்புவின் காலத்தில் மேளம் கலைந்தது போலவே நம் கூட்டமும் கலைந்தது. பிள்ளைகள் படித்து முன்னேறியிருக்கிறார்கள், அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நம் கோயிலில் உருமி அடித்தவர் யார், பஜனைக்குத் தலைமை தாங்கியவர் யார், லயத்தில் கதை படித்துக் காட்டியவர் யார் என்று கேட்டால், அந்தப் பிள்ளைகளால் சொல்ல முடிகிறதா?

ஒத்துக் குழலைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறோம். அதில் விரல் வைத்து வாசிக்கும் துளை இல்லை. சுருதியைச் சரிசெய்ய மெழுகு வைத்து அடைக்கும் துளைகளே உண்டு. நாதஸ்வரக்காரர் எந்த ராகத்தில் எங்கே பறந்தாலும் திரும்பி வந்து நிற்பதற்கான தரை அந்த ஒற்றை ஒலி. பிற்காலத்தில் சுருதிப் பெட்டி வந்து அந்த ஆளுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டது. நம் பேச்சு வழக்கிலோ ‘ஒத்து ஊதுகிறான்’ என்றால் கேலி. பின்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் மூச்சைக் கொடுத்த ஒருவருக்கு நாம் செய்த மரியாதை அதுதான்!

சுப்புவுக்கு 1971-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1974-இல் அவர் மறைந்தார். முன்னால் நிற்பவரை மட்டும் எழுதியிருந்தால் அவருடைய நாவல் ஒரு காதல் கதையாக முடிந்திருக்கும். பக்கத்தில் இருந்தவர்களையும் எழுதியதால் அது ஒரு சமூகத்தின் வரலாறு ஆயிற்று.

ஆகவே நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். வீட்டில் இருக்கும் மூத்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். உங்கள் தோட்டத்தில் மேளம் அடித்தவர், பாடியவர், கதை படித்தவர், பிள்ளை பார்த்தவர் ஆகியோர் பெயர்களை அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். அவர் நடுவில் நிறுத்தினால், “ஆமா, அப்புறம்?” என்று கேளுங்கள்.