கட்டடத்துக்குள் ஒளியிழை: உரிமையும் பராமரிப்பும்

தெருவில் எத்தனை நிறுவனங்கள் ஒளியிழை பதித்தாலும், அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் மேலேறும் குழாய் பெரும்பாலும் ஒன்றுதான். அது எவர் வசமோ, வாடிக்கையாளரும் அவர் வசமே. எனவே கட்டடத்தின் உள் இழையை எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக்குவது சரியான கொள்கை. ஆனால் இணைப்புப் பெட்டியைத் திறக்கும் உரிமையையும் பழுதுக்குப் பதில் சொல்லும் பொறுப்பையும் வெவ்வேறு கைகளில் கொடுத்தால், அந்தக் கொள்கையே வலையமைப்பைச் சீரழிக்கும். பிரான்சில் அதுதான் நடந்தது.

2008 ஆகஸ்டில் அங்கு வந்த பொருளாதார நவீனமயச் சட்டப்படி, கட்டடத்தில் இழை போடும் நிறுவனமே செலவை ஏற்க வேண்டும். போட்டியாளர்கள் கேட்டால் அதே இழையை நியாயமான விலைக்குத் தரவும் வேண்டும். மிகவும் நெருக்கமான நகரப் பகுதிகளில் ஒரு வீட்டுக்கு நான்கு இழைகள் வரை போடலாம். தொடக்கத்திலேயே செலவைப் பகிரும் நிறுவனம் தனி இழை பெறும். ஒரே சுவரை நான்கு பேர் நான்கு முறை துளைப்பது இதனால் தவிர்ந்தது.

கோளாறு, நிறுவனங்களின் இழைகள் சேரும் அந்த இணைப்புப் பெட்டியில் முளைத்தது. பெட்டியை அமைத்தது ஒரு நிறுவனம். புதிய இணைப்புக்காக அதைத் திறப்பவரோ இன்னொரு நிறுவனத்தின் துணை ஒப்பந்தக்காரரிடம், இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஆள். அவருக்கு ஒதுக்கிய துளை பழுதாக இருந்தால் பக்கத்திலுள்ள வடத்தைப் பிடுங்கிவிட்டுத் தம்முடையதைச் செருகுவார். கணக்கில் ஓர் இணைப்பு கூடும். மூன்றாம் மாடியில் யாருக்கோ இணையம் அறுந்திருக்கும். அவர் தம் நிறுவனத்திடம் முறையிட, அங்கிருந்து வரும் ஆளும் அதையே செய்வார். சில ஆண்டுகளில் பெட்டிக்குள் எந்த வடம் யாருடையது என்றே தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் இதை நூடுல்ஸ் தட்டு என்கிறார்கள்.

இது அழகு பற்றிய பிரச்சினையன்று. ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் முறைகளில் பரவலாகப் பயன்படும் ஜிபான் (GPON) கருவிகள் சுமார் 28 டெசிபெல் இழப்பைத்தான் தாங்கும். 32 வீடுகளுக்கு ஒளியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் மட்டுமே ஏறக்குறைய 17 டெசிபெல்லை எடுத்துக்கொள்கிறது. தூரம், ஒட்டு, முனையில் படியும் தூசி, நெருக்கி மடக்கிய வளைவு எல்லாம் மிச்சத்துக்குள் அடங்கியாக வேண்டும். பெட்டி சீரழிவதைத் தடுக்க, வேலை முடிந்ததும் அதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்றும் பிரான்சில் விதித்துப் பார்த்தார்கள். கூலி முறையைத் தொடாமல் ஆளை மட்டும் கண்காணிப்பது அரைவைத்தியம் என்பது என் கருத்து.

இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 ஜனவரியில் கட்டடங்களுக்குள் நிறுவனங்கள் நுழைவது குறித்துப் பரிந்துரைகள் தந்தது. 2024 அக்டோபரில் கட்டடங்களின் இணைய வசதிக்கு நட்சத்திரத் தரமதிப்பு விதிமுறைகளை வெளியிட்டது. இரண்டும் தேவையானவை, ஆனால் பெட்டியின் சாவி யாரிடம் என்ற கேள்விக்கும் விடை வேண்டும். 1994-இல் தொடங்கிய ஸ்டாக்ஹோம் நகராட்சியின் ஸ்டோக்காப் நிறுவனம் இழையை வாடகைக்கு விடுமே தவிர, வீடுகளுக்கு இணையச் சேவை விற்காது. அதைப்போல, சேவை விற்காத ஒருவரைக் குடியிருப்போர் சங்கம் நியமித்து, பெட்டியையும் இணைப்புப் பதிவேட்டையும் அவரிடமே விடலாம். ஒரே ஆள் என்றால் தாமதமாகாதா என்று கேட்கலாம், ஆகும். ஒப்பந்தத்தில் கெடுவும் தண்டத்தொகையும் எழுதினால் அந்தத் தாமதத்துக்குப் பதில் சொல்லும் ஆளாவது யாரென்று தெரியும்.