அஃறிணையிலிருந்து 'அவர்' வரை: தமிழ்த் திரையில் திருநங்கைப் பாத்திரங்கள்



பாத்திரப்படைப்பு பற்றிக் கேள்வி வந்தால் நம் மாணவர்கள் பலரும் குணங்களை வரிசையாக அடுக்கிவிடுவார்கள். 'அன்பானவர், பொறுமையானவர், துணிச்சல் மிக்கவர்' என்று மூன்று பத்தி வந்துவிடும். அதே மாணவரிடம் 'பாத்திரத்தின் வளர்ச்சியை விளக்குக' என்று கேளுங்கள், கொஞ்சம் தடுமாறுவார். குணம் வேறு, வளர்ச்சி வேறு. கதையின் தொடக்கத்தில் ஒருவர் எதை விரும்பினார், எது தடுத்தது, என்ன முடிவெடுத்தார், கடைசியில் எப்படி மாறி நிற்கிறார் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் வளர்ச்சி.

இந்த வேறுபாட்டைப் புரிய வைக்க எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு, தமிழ்த் திரைப்படங்களில் வந்த திருநங்கைப் பாத்திரங்களின் வரலாறு. ஜாசின் பக்கம் மட்டுமில்லை, எந்த ஊர் மாணவருக்கும் இந்தப் படங்களில் இரண்டு மூன்றாவது தெரிந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இலக்கணம் என்ன சொன்னது?

படத்துக்குப் போகும் முன் நம் பாடத்திலிருந்தே தொடங்குவோம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் பேசப்படுகிறது. அவர்களுக்கென்று தனி விகுதி இல்லை. உயர்திணையின் பால் விகுதியையே ஏற்று வருவர் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. கவனியுங்கள், தொல்காப்பியர் அவர்களை வைத்தது உயர்திணையில்.

பல நூற்றாண்டு கழித்து வந்த நன்னூலில் பவணந்தியார் இன்னும் விரிவாகச் சொல்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலாகவும் கொள்ளலாம் என்கிறார். ஒருவர் எதை 'அவாவுகிறார்', அதாவது விரும்புகிறார் என்பதை வைத்தே பாலைத் தீர்மானிக்கிறது அந்த நூற்பா. ஆனால் அதோடு நிற்கவில்லை. இருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்று சேர்த்துவிடுகிறது.

ஒரே நூற்பாவில் இரண்டு வழி. ஒன்று, விருப்பத்தை மதித்து 'அவள், அவர்' என்பது. மற்றொன்று 'அது' என்பது. தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் இரண்டாவது வழியில்தான் நடந்தது. முதல் வழிக்கு அது எப்படித் திரும்பியது என்பதே இந்தக் கட்டுரை.

வேடம் வேறு, வாழ்வு வேறு

மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றை முதலில் பிரித்துவிடுவோம். ஆண் நடிகர் பெண் வேடம் போடுவது நம் மரபில் பழையது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் ஒன்று, பேடி உருவில் காமன் ஆடியதாகச் சொல்லப்படும் ஆடல். தெருக்கூத்திலும் நாடகக் கம்பெனிகளிலும் 'ஸ்திரீ பார்ட்' போடும் ஆண்கள் இருந்தார்கள். ஔவையாராக நடித்தே புகழ்பெற்றவர் தி. க. சண்முகம்; அவர் பெயரை நினைவுபடுத்தும் தலைப்போடு வந்ததுதான் கமல்ஹாசனின் 'அவ்வை சண்முகி' (1996).

இவையெல்லாம் வேடங்கள். ஆட்டம் முடிந்ததும், நாடகம் முடிந்ததும், கலைந்துவிடும். திருநங்கையின் பெண்மை வேடமல்ல, வாழ்வு. அவ்வை சண்முகியைப் பார்த்து நாம் சிரிப்பது மாறுவேடம் எப்போது வெளிப்படுமோ என்ற பரபரப்பில். அதே சிரிப்பைத் திருநங்கை மீது திருப்பியபோதுதான் தவறு நடந்தது.

சிரிப்பும் பயமும்

நம் பெற்றோர் தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் பார்த்த காலத்திலும், பிறகு வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்த காலத்திலும், இந்தப் பாத்திரங்கள் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கு வந்து போனவைதான். கைதட்டி, கதாநாயகன் கன்னத்தைத் தொட்டு, அவன் பதறி ஓட, நாம் சிரிக்க, காட்சி முடிந்துவிடும். அவருக்குப் பெயர் இருக்காது. வீடு இருக்காது. அடுத்த காட்சியில் அவர் இருக்கவும் மாட்டார்.

சிரிப்புக்கு அடுத்தது பயம். வசந்த் இயக்கிய 'அப்பு' (2000) படத்தில் பிரகாஷ்ராஜ் நடித்த மகாராணி, பெண்களை அடைத்து வைத்துத் தொழில் நடத்தும் கொடியவள். இந்தியில் 1991-இல் வந்த 'சடக்' படத்தின் தழுவல் அது. அங்கே அதே பாத்திரத்தில் நடித்த சதாசிவ் அம்ராபுர்கருக்கு வில்லன் நடிப்புக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது. நடிப்பில் இருவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் திருநங்கை என்பதே மிரட்டும் உருவமாக அங்கே பயன்பட்டது.

விதிவிலக்கும் உண்டு. மணிரத்னத்தின் 'பம்பாய்' (1995) படத்தில், கலவரத்தில் தொலைந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனைக் காப்பாற்றி வைத்துக்கொள்பவர் ஒரு திருநங்கை. ஊரே மதத்தின் பெயரால் அடித்துக்கொள்ளும்போது மனிதத்தன்மையோடு நிற்பவர் அவர். அருமையான காட்சி. ஆனாலும் கதை அவர் வாழ்க்கைக்குள் போகவில்லை. குழந்தையைக் காப்பாற்றுவதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. நல்லவராகக் காட்டினாலே வளர்ச்சியைக் காட்டியதாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

திரைக்கு வெளியே வந்த மாற்றம்

இரண்டாயிரத்துக்குப் பின் மாற்றம் முதலில் சமூகத்தில் தொடங்கியது. சந்தோஷ் சிவனின் 'நவரசா' ஒரு சிறுமி தன் சித்தப்பாவின் உள்ளத்தை அறிந்து, அவரைத் தேடிக் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் போகும் கதை. தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை அது பெற்றது. 2007-இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 'நான், சரவணன் வித்யா' வெளியானது. 2008-இல் விஜய் தொலைக்காட்சியில் 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சியை ரோஸ் வெங்கடேசன் என்ற திருநங்கை நடத்தினார். அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது.

சொல்லும் மாறியது. வசைச்சொற்கள் புழங்கிய இடத்தில் 'திருநங்கை' என்ற அழகான சொல் வந்தது. பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் முன்வைத்த அந்தச் சொல்லை, மு. கருணாநிதி தலைமையிலான அரசு ஏற்றுக்கொண்டது. நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெண்ணாகப் பிறந்தவர் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவரைத் 'திருநம்பி' என்கிறோம். தமிழ்ப் படங்களில் திருநம்பிப் பாத்திரங்கள் மிக அரிது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காஞ்சனா: இறந்த பின் கிடைத்த பலம்

2011-இல் ராகவா லாரன்ஸ் இயக்கிய 'காஞ்சனா' வந்தது. அடிதடிப் படங்களின் நாயகன் சரத்குமார் சேலை கட்டித் திருநங்கையாக நடித்தார். பெற்றோர் விரட்டிய காஞ்சனா, தன்னைப் போலவே விரட்டப்பட்ட கீதாவைத் தாயாக நின்று வளர்த்து மருத்துவம் படிக்க வைக்கிறார். மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை ஓர் அரசியல்வாதி பறிக்க, கொல்லப்படுகிறார். பிறகு பேயாக வந்து பழி தீர்க்கிறார்.

இங்கே முதன்முறையாகப் பெரிய வணிகப் படம் ஒன்றில் திருநங்கைக்குப் பெயர், இலட்சியம், பாசம், கோபம் எல்லாம் கிடைத்தன. கொட்டகையில் அவர் பக்கம் நின்று கைதட்டினார்கள். ஆனால் அவர் வெல்வது எப்போது? செத்த பிறகு. அதுவும் ஓர் ஆணின் உடலுக்குள் புகுந்த பிறகு. உயிரோடு இருந்த காஞ்சனாவால் அந்த மருத்துவமனையைக் கட்ட முடியவில்லை.

அதே ஆண்டு வந்த 'நர்த்தகி' படத்தில் திருநங்கையான கல்கி சுப்ரமணியமே முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். காஞ்சனா அளவுக்கு அந்தப் படம் மக்களிடம் போய்ச் சேரவில்லை.

நம் நாட்டிலும் அதே 2011-இல் 'டாலாம் போத்தோல்' என்ற மலாய்ப்படம் வந்தது. காதலுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், பின்னர் வருந்துவதே கதை. அங்கே 'வளர்ச்சி' என்பதற்கு 'வருந்தித் திரும்புதல்' என்று பொருள். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் நல்ல விவாதம் கிடைக்கும்.

முன்னேற்றம் நேர்க்கோடாகவும் போகவில்லை. 2014 ஏப்ரல் 15-இல் இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு சனவரியில் ஷங்கரின் 'ஐ' வெளியானது. அதில் ஒப்பனைக் கலைஞராக வரும் திருநங்கைப் பாத்திரம் கேலிக்கும் வெறுப்புக்கும் ஆளானது. திருநங்கையர் போராட்டம் நடத்தினார்கள். முன்பு கொட்டகையில் சிரிப்பு மட்டும் கேட்டது. இப்போது எதிர்ப்பும் கேட்டது.

உள்ளே போய்ப் பார்த்த படங்கள்

அடுத்த சில ஆண்டுகளில் வந்த படங்கள்தான் தேர்வுக்கு அதிகம் உதவும். 'அருவி' (2017) படத்தில் எமிலியாக நடித்தவர் திருநங்கை அஞ்சலி வரதன். ராமின் 'பேரன்பு' (2019) படத்தில் மீராவாக நடித்தவர் திருநங்கை அஞ்சலி அமீர். மாற்றுத்திறனாளி மகளோடு தனித்து நிற்கும் அமுதவன், கடைசியில் மீராவோடு ஒரு குடும்பமாகிறான். பரிதாபப்பட்டு அவன் மீராவுக்கு வாழ்வு கொடுப்பதாகப் படம் சொல்லவில்லை. அவன் குடும்பத்துக்குத்தான் மீரா தேவைப்படுகிறார்.

தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' (2019) படத்தில் விஜய் சேதுபதியின் ஷில்பா, மனைவியையும் மகனையும் விட்டுப் போய், பல ஆண்டு கழித்துத் திருநங்கையாக வீடு திரும்புகிறார். ஊரும் உறவும் திகைக்க, மகன் ராசுக்குட்டி மட்டும் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறான். ஷில்பாவிடம் குறைகள் உண்டு. குடும்பத்தை விட்டுப் போன பொறுப்பும் அவருக்கு உண்டு. குறையுள்ள மனிதராக இருக்கும் உரிமையைப் படம் அவருக்குக் கொடுத்தது. விஜய் சேதுபதிக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் குழந்தைகளைக் கடத்தும் கும்பலோடு ஷில்பாவைத் தொடர்புபடுத்தும் பகுதியைத் திருநங்கையர் பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது. பழைய பயத்தின் நிழல் புதிய படத்திலும் விழுந்திருந்தது.

2020-இல் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்' 1981-இல் நடக்கும் கதை. அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்த பணத்தைச் சத்தார், தான் நேசிக்கும் சரவணன் தன் தங்கையோடு சேர்ந்து வாழக் கொடுத்துவிடுகிறார். காளிதாஸ் ஜெயராமின் நடிப்பு கண்ணீர் வரவழைக்கும். ஆனால் சத்தார் சாகிறார்; சரவணன் மனம் திருந்துகிறான். இங்கே வளர்ந்தது யாருடைய பாத்திரம்? இந்தக் கேள்வியை வகுப்பில் போட்டுப் பாருங்கள். தியாகம் செய்து சாவதற்கென்றே ஒரு பாத்திரம் படைக்கப்பட்டால், அதன் வளர்ச்சி மற்றவர் கணக்கில்தான் சேரும்.

பானு டீச்சர்

ஆசிரியர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் 'நீல நிறச் சூரியன்'. 2023-இல் கோவா திரைப்பட விழாவில் காட்டப்பட்டு 2024 அக்டோபரில் திரைக்கு வந்தது. எழுதி, இயக்கி, நடித்தவர் திருநங்கை சம்யுக்தா விஜயன். பள்ளி ஆசிரியர் அரவிந்த், அதே பள்ளியில் பானுவாக மாறி வேலையைத் தொடர்கிறார். அவ்வளவுதான் கதை. கொலை இல்லை, பேய் இல்லை, பெரிய வசனம் இல்லை. வீட்டார், சக ஆசிரியர், நிர்வாகம், மாணவர் என ஒவ்வொருவர் பார்வையையும் தாங்கிக்கொண்டு மறுநாளும் பாடம் நடத்தப் போவதுதான் அங்கே வீரம்.

பானு என்ன விரும்புகிறார் என்று நமக்குத் தெரிகிறது. அவரே முடிவெடுக்கிறார். விலை கொடுக்கிறார். உயிரோடும் இருக்கிறார். நன்னூல் சொன்ன முதல் வழி திரையில் முழுமையாக வந்தது இங்கேதான் என்பேன்.

வகுப்புக்கு நான்கு கேள்விகள்

எந்தப் படத்தை எடுத்தாலும் இந்த நான்கையும் கேட்கச் சொல்லுங்கள்:

1. அவருக்குப் பெயரும், சொந்தமாகப் பேசும் காட்சியும் உண்டா?
2. அவர் எதை விரும்புகிறார் என்று நமக்குத் தெரிகிறதா?
3. கதையைத் திருப்பும் முடிவை அவரே எடுக்கிறாரா?
4. கடைசிக் காட்சியில் அவர் உயிரோடு இருக்கிறாரா? மாறியிருப்பது அவரா, அவரைப் பார்த்தவர்களா?

மகாராணி, காஞ்சனா, சத்தார், ஷில்பா, பானு ஆகிய ஐவருக்கும் விடை எழுதி ஒப்பிட்டாலே பாத்திர வளர்ச்சி என்றால் என்ன என்பது விளங்கிவிடும். விடையெழுதும்போது 'அவர்' என்றே எழுதுங்கள். பழைய வசைச்சொற்கள் வேண்டவே வேண்டாம்.

இப்போது முதலில் சொன்ன அந்த இன்னொரு காரணம். நம் வகுப்புகளில் மென்மையாகப் பேசும், நளினமாக நடக்கும் ஒரு பையன் இருப்பான். அவன் யார் என்பதை அவன்தான் அறிவான். முடிவு கட்டுவது நம் வேலையில்லை. ஆனால் அவன் மீது எறியப்படும் பட்டப்பெயர் பெரும்பாலும் ஏதோ ஒரு படத்திலிருந்து வந்தது. எறிகிற பிள்ளைக்கும் அது வெறும் 'ஜோக்'தான். படம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. தொல்காப்பியர் உயர்திணையில் வைத்தவரை 'அது' என்று சொல்லும் சிரிப்பு நம் வகுப்பில் எழும்போது, அது இலக்கணப் பிழை என்று நிறுத்தவாவது தமிழாசிரியரான நமக்கு உரிமை உண்டு. கடமையும் உண்டு.