கூப்பனி: தாமிரபரணிப் பகுதியில் பனம்பாகு காய்ச்சுதலும் அதன் வரலாற்று இடமும்

முன்னுரை

தென்பாண்டி நாட்டுப் பனைத்தொழில் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு பொருள்களைச் சுற்றியே அமைகின்றன. ஒன்று கள், மற்றொன்று கருப்பட்டி. முன்னது வரிக்கும் மதுவிலக்குக்கும் உரியதாகவும், பின்னது வணிகத்துக்கும் கூட்டுறவுக்கும் உரியதாகவும் ஆராயப்பட்டுள்ளன. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. பதநீர் காய்ந்து கருப்பட்டியாக இறுகுவதற்கு முன்னரே அடுப்பிலிருந்து இறக்கப்படும் தேன்பதப் பாகு அது. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்தில் இது கூப்பனி எனப்படுகிறது.

கூப்பனி வரலாற்றில் அதிகம் பேசப்படாமைக்கு அதன் சிறுமை காரணமன்று. அரசும் சந்தையும் எண்ணிய இரு பொருள்களுக்கு நடுவே அது நின்றது. பெண்களின் கைப்பக்குவமாக வீட்டுக்குள் தங்கியது. இவ்விரு நிலைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆற்றுநிலமும் தேரிநிலமும்

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, தன் இரு கரைகளிலும் கார், பிசானம் என இருபோக நெல் விளையும் நன்செயை உருவாக்கியது. அந்நன்செய்ப் பட்டைக்குத் தெற்கே நிலத்தின் இயல்பு மாறுகிறது. சாத்தான்குளம், உடன்குடி, திருச்செந்தூர், திசையன்விளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதியில் தேரி எனப்படும் செம்மணற் பரப்பு விரிகிறது. நெல்லுக்கு இடமில்லாத அம்மணலில் பனை செழித்தது. ஆற்றுநிலத்திலிருந்து அரிசியும் தேரியிலிருந்து இனிப்பும் என்ற பரிமாற்றமே இவ்விரு நிலங்களையும் ஒரே உணவுப் பண்பாட்டில் இணைத்தது. நெல்லை வீட்டின் இட்லியும் தோசையும் ஆற்றுநீரின் விளைவு என்றால், அவற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பனம்பாகு ஆற்றுநீர் எட்டாத மணலின் விளைவாகும்.

சொற்சான்றுகள்

பனையிலிருந்து இனிப்பு ஆக்கும் வழக்கத்தின் தொன்மைக்குத் தொல்காப்பியம் சான்று தருகிறது. எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியலில், பனை என்னும் சொல்லின்முன் அட்டு என்னும் சொல் வரும்போது ஐகாரம் கெட்டு ஆகாரம் தோன்றும் என விதி வகுக்கப்பட்டுள்ளது. இதன்வழி அமைவது 'பனாஅட்டு' என்னும் தொடர். ஒரு தனித்தொடருக்கென விதி வகுக்கும் அளவுக்கு அச்சொல் வழக்கில் இருந்துள்ளது. அட்டு என்பதை அடுதல், அதாவது சமைத்தல், என்னும் வினையோடு தொடர்புபடுத்திக் காண இடமுண்டு.

இச்சொல் யாழ்ப்பாணத்தில் பனாட்டு என இன்றும் வழங்குகிறது. அங்கு அது பனஞ்சாற்றை அன்றிப் பனம்பழத்தைச் சார்ந்தது. பழத்தின் களியைப் பிசைந்தெடுத்துப் பாயில் தடவி வெயிலில் உலர்த்துவது பனாட்டு. அதைப் பனம்பாகில் ஊறவைத்துப் பாதுகாப்பது பாணிப்பனாட்டு. ஒரே மரத்தின் பழமும் சாறும் ஒரு பண்டத்தில் சேர்வதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

இனிப்புப் பாகு வணிகப்பொருளாக இருந்தமைக்கு மதுரையை அடுத்த அழகர்மலையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று துணைநிற்கிறது. அதில் 'பணித வணிகன்' ஒருவன் குறிக்கப்படுகிறான். பணிதம் என்பது சர்க்கரைப் பாகு அல்லது வெல்லத்தைச் சுட்டும் வடமொழிச் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. அப்பாகு பனைக்குரியதா கரும்புக்குரியதா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. எனினும் பாண்டிய நாட்டில் இனிப்பு விற்பவன் உப்பு வணிகன், அறுவை வணிகன் போன்றோரோடு ஒருங்கே வைத்து எண்ணப்பட்டமை தெளிவு.

காய்ச்சும் முறையும் பதம் அறிதலும்

பனையின் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிச் சாறு இறக்குவர். சுண்ணாம்பு சாற்றைப் புளிக்கவிடாமல் காக்கிறது. சாறு புளித்தால் அதன் சர்க்கரை சிதைவதோடு கருப்பட்டியும் இறுகாமல் போகும். பங்குனி முதல் ஆனி வரையிலான வெயிற்காலமே பருவத்தின் உச்சம். ஏறுதல் ஆண்களின் வேலை. காய்ச்சுதல் பெரும்பாலும் பெண்களின் வேலை. தோட்டத்திலேயே ஓலையால் வேயப்பட்ட விடிலி என்னும் குடிசையில் அடுப்பு எரியும். காய்ந்த ஓலை, மட்டை, உடைமரச் சுள்ளி ஆகியவை எரிபொருள்.

பதநீரைத் தெளியவைத்து வடிகட்டி வாயகன்ற பாத்திரத்தில் காய்ச்சும்போது நுரை பொங்கும். பொங்கலை அடக்க நசுக்கிய ஆமணக்கு முத்தைச் சிறிதளவு இடுவது மரபு. நீர் வற்ற வற்றச் சாற்றின் வெளிர்நிறம் பழுப்பாகிறது. குமிழிகள் பெரிதாகி மெல்ல வெடிக்கின்றன. அகப்பையிலிருந்து பாகு சொட்டாமல் இழையாக வடியும் நிலையில் இறக்கினால் கூப்பனி கிடைக்கும். மேலும் காய்ச்சி, ஒரு துளியைத் தண்ணீரில் இட்டு உருட்டிப் பார்த்துப் பதம் கண்டபின் இறக்கிக் கிண்டிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டியாகும். கூப்பனியைப் பானையில் வார்த்து நூல்களைத் தொங்கவிட்டுப் பல வாரங்கள் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு விளையும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 லிட்டர் பதநீர் தேவைப்படும்.

இவ்வரிசையில் கூப்பனி ஒரு பிரிவழி போன்றது. அங்கிருந்து பாகாகவோ கட்டியாகவோ கற்கண்டாகவோ மாறும் முடிவைக் காய்ச்சுபவரே எடுக்கிறார். வெப்பமானி இன்றி நிறம், மணம், குமிழியின் ஓசை ஆகியவற்றால் பதம் அறியும் இத்திறன், எழுத்தில் பதியப்படாத தொழில்நுட்ப அறிவாகும்.

அடுக்களையில் கூப்பனி

காலையில் இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு ஆகியவற்றோடு கூப்பனி சேர்த்து உண்ணப்பட்டது. சிறிதளவு பாகைத் தண்ணீரில் கரைத்துச் சுக்கும் எலுமிச்சையும் சேர்த்தால் பானகம். உளுந்தங்களிக்கும் அதிரசத்துக்கும் பனையினிப்பே அடிப்படை. உளுந்தங்களி பூப்பெய்திய பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் நல்லெண்ணெய் சேர்த்து அளிக்கப்படும் உணவு என்பதால், பனையினிப்பு சுவைப்பொருள் என்ற நிலையைக் கடந்து உடலைத் தேற்றும் பொருளாகவும் மதிக்கப்பட்டது. மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரம் ஏற்று இளகும் என்பதால் அது அடுப்புப் புகை படும் பரணில் வைக்கப்பட்டது. இளகிய கட்டியை மீண்டும் பாகாக்கிப் பயன்படுத்துவதும் வழக்கமே.

வரி, கடன், ஆலை

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கவனம் போதைப்பொருளின் மீது இருந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் இனிப்புச் சாறு கள்ளிலிருந்து வேறாகக் கருதப்பட்டது. இதனால் பாகு காய்ச்சுவோரின் சமையல் நுட்பமான சுண்ணாம்பு, சட்டத்தின் எல்லைக்கோடாகவும் மாறியது. 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்த மதுவிலக்கு இக்கோட்டை மேலும் கூர்மையாக்கியது. கள் இறக்குவது குற்றமானபின், பனையேறுபவர் தம் கலயம் பதநீர்க் கலயமே என்று மெய்ப்பிக்க வேண்டியவரானார்.

கருப்பட்டியின் நிலை வேறு. எடைபோடவும் கட்டி அனுப்பவும் ஏற்றதாக இருந்ததால் அது சந்தையின் பொருளாயிற்று. பருவத்துக்கு முன்னரே வணிகரிடம் முன்பணம் பெற்று, குறித்த விலையில் கருப்பட்டியாகத் திருப்பிச் செலுத்தும் முறை பனையேறிக் குடும்பங்களைக் கடனில் பிணைத்தது. இச்சூழலில் கூப்பனியின் பொருள் தெளிவாகிறது. சிரட்டையில் இறுகியது கடன்காரருக்குப் போகும். பானையில் பாகாக நின்றது பிள்ளைகளின் தட்டுக்கு வரும். ஆகவே அடுப்பை எப்போது அணைப்பது என்னும் முடிவு சமையல் முடிவாக மட்டுமன்றி, குடும்பத்தின் பங்கைக் காக்கும் பொருளியல் முடிவாகவும் இருந்தது எனலாம்.

பனையினிப்பை ஆலைக்குக் கொண்டுசெல்லும் முயற்சியும் நிகழ்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரி நிறுவனத்தார் குலசேகரன்பட்டினத்தில் பனையை மூலமாகக் கொண்ட சர்க்கரை ஆலையை நடத்தினர். திருச்செந்தூரையும் திசையன்விளையையும் இணைத்த குறும்பாதை ரயில் அதனோடு தொடர்புடையது. ஆலை நிலைக்கவில்லை, ரயிலும் 1940இல் நின்றது. பனஞ்சாறு பல்லாயிரம் மரங்களிலிருந்து சிறு கலயங்களில் நாள்தோறும் சேர்வது; சில மணி நேரத்துக்குள் காய்ச்சப்பட வேண்டுவது. மரத்தடியில் எரியும் சிற்றடுப்பே அதன் இயல்புக்குப் பொருந்தியது.

1934இல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் இவ்வுண்மையை உணர்ந்திருந்தது. கரும்பு உணவுப்பயிருக்குரிய நிலத்தையும் நீரையும் எடுத்துக்கொள்கிறது, பனையோ தரிசில் வளர்கிறது என்று அதன் செயலாளர் ஜே.சி. குமரப்பா வாதிட்டார். விடுதலைக்குப் பின் பனைவெல்லம் கதர் கிராமத் தொழில்களுள் ஒன்றாக வளர்க்கப்பட்டது. ஆனால் அங்கும் திட்டத்தின் அலகு வெல்லமாகவே இருந்தது.

முடிவுரை

பனை 1978இல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீட்டையும் பெற்றுள்ளது. இவை மரத்துக்கும் பண்டத்துக்கும் கிடைத்த ஏற்புகள். காய்ச்சுபவரின் அறிவுக்கு இத்தகைய ஏற்பு இன்னும் கிட்டவில்லை. பனையேறுவோர் குறையும்போது விலையுள்ள கருப்பட்டி ஏதேனும் ஒரு வடிவில் தொடரும். வெள்ளைச் சீனி கலந்தேனும் சந்தைக்கு வரும். பதநீர் மிகுதியாகக் கிடைத்த வீட்டில் மட்டுமே பிறக்கும் கூப்பனியே முதலில் மறையும். விடிலியில் பதம் பார்த்த மூத்த பெண்களின் வாய்மொழியைத் தொகுப்பதும், வட்டாரச் சொற்களைப் பதிவுசெய்வதும் பனை வரலாற்றாய்வின் உடனடிப் பணிகளாகும். தொல்காப்பியர் காலத்துச் சொல்லொன்று யாழ்ப்பாணத்துப் பாயில் இன்றும் உலர்கிறது. அதற்கு இணையான நெல்லைச் சொற்களும் அவற்றைப் பேசுவோர் இருக்கும்போதே ஆய்வுக்குள் வரவேண்டும்.