சுதந்திரம் எந்த வருஷம்? - மறதி நோயின் கதை

இந்தியாவுக்குச் சுதந்திரம் எந்த வருஷம்? எல்லோரும் 1947 என்போம். பாகூரிலோ வில்லியனூரிலோ எண்பதைத் தாண்டிய தாத்தா 1954 என்று சொன்னால், அது மறதி அல்ல! புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. வில்லியனூர்ப் பக்கம் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடந்தது.

இதற்கும் மறதி நோய்க்கும் என்ன சம்பந்தம்? அந்த நோயைக் கண்டுபிடிக்கும் முதல் வழியே கேள்வி கேட்பதுதான்.

1901-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 51 வயது அகஸ்டே டீட்டர் என்ற பெண்ணிடம் பெயர், ஊர், கணவர் பெயர் என்று கேட்டுக் குறித்து வைத்தார். 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பு செல்களுக்கு வெளியே படிவுகளும், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளும் தெரிந்தன. 1910-ல் நோய்க்கு அல்சைமரின் பெயரே வைக்கப்பட்டது.

1972-ல் இங்கிலாந்தில் ஹாட்கின்சன் என்ற மருத்துவர் பத்து கேள்விகள் கொண்ட சோதனையை வெளியிட்டார். அதில் ஒன்று, முதல் உலகப் போர் தொடங்கிய ஆண்டு. பள்ளிக்கூடமே போகாமல் நாற்று நட்ட பாகூர்ப் பாட்டியிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வார்?

கேள்வி மாறினால் கணக்கே மாறும். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 65 வயது கடந்தவர்களிடம் எடுத்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. அமெரிக்க வரையறைப்படி நூற்றுக்கு ஒருவருக்குக்கூட நோய் இல்லை. படிக்காதவர்களுக்கும் பொருந்தும்படி அமைத்த '10/66' முறையில் நூற்றுக்குச் சுமார் பத்து பேர்! அமெரிக்க வரையறை, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதா என்று பார்க்கிறது. கிராமத்தில் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வேலைகளை ஏற்றுக்கொள்வதால் பாதிப்பு வெளியே தெரிவதில்லை. "வயசானா அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. இந்த நோய் பெரும்பாலும் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியைத்தான் முதலில் தாக்குகிறது. பழசு நெடுநாள் நிற்கும். 1954-ஐ நேற்று நடந்ததுபோல் சொல்லும் தாத்தா, காலையில் சாப்பிட்டதை மறந்திருப்பார். கண் நன்றாகத் தெரிந்தாலும் பழகிய தெருவே புதுத்தெருவாகத் தோன்றும்.

வயதானால் பெயர் சட்டென்று வராதது இயல்பு. வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது இயல்பல்ல. ஆகவே தாத்தாவிடம் சுதந்திரக் கதையோடு நிறுத்தாமல், "இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்றும் கேளுங்கள்.