500 ரூபாய் உச்சவரம்பும் குழந்தைப் பராமரிப்புச் சட்டமும்

பெற்றோர் பிரிந்த நிலையில் குழந்தைக்கு உரிய பராமரிப்புத் தொகை, இந்தியாவில் குடும்பச் சட்டங்களில் மட்டுமன்றிக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. வசதியிருந்தும் மனைவியையும் குழந்தைகளையும் பராமரிக்கத் தவறியவர் மாதந்தோறும் தொகை செலுத்துமாறு ஆணையிடும் அதிகாரத்தை 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆவது பிரிவு நடுவருக்கு வழங்கியது. திருமண உறவிற்கு வெளியே பிறந்த குழந்தையும் இதில் அடங்கும். ஆதரவற்றோர் தெருவில் அலைவதைத் தடுப்பதே நோக்கம் என்பதால் தொகைக்கு உச்சவரம்பு இருந்தது.

1955இல் 500 ரூபாயாக உயர்த்தப்பட்ட அவ்வரம்பு, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125ஆவது பிரிவிலும் தொடர்ந்தது. மணமுறிவுக்குப்பின் மறுமணம் செய்யாத பெண்ணையும் 'மனைவி' என ஏற்ற அப்பிரிவு, 'மொத்தத்தில்' 500 ரூபாய் என்னும் பழைய தொடரைக் கைவிடவில்லை. அத்தொகை தாய்க்கும் குழந்தைகளுக்கும் சேர்த்தா என்னும் ஐயத்திற்கு, நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1978இல் எழுதிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு விடையளித்தது: வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியானது. குழந்தை தாயின் உரிமையில் ஒரு பங்கு அன்று, தனி உரிமையாளர் என்பது இதன் உட்பொருள். 1986ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டம் குழந்தைகளின் இவ்வுரிமையைக் குறைக்காது என 1997இல் அந்நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரம்பை நீக்கி, இடைக்காலப் பராமரிப்புக்கும் வழிசெய்தது. அதன்பின் வழக்கின் மையம் சட்டம் குறித்த எண்ணிலிருந்து தந்தையின் மெய்யான வருமானத்திற்கு நகர்ந்தது. இரு தரப்பினரும் சொத்து, வருமான விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்னும் 2020ஆம் ஆண்டு உச்சநீதிமன்ற நெறிமுறை, இந்நகர்வின் விளைவாகும்.