கீச்சிட்ட பிரேக்கும் முட்டுக்கட்டையும்



போன வாரம் அப்பாவின் பழைய அம்பாசிடரை எடுத்துக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். 1972 மாடல், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். தேரடி பக்கம் பிரேக்கை மிதித்ததும் வண்டி போட்ட கீச்சலில், பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா கூடையோடு எழுந்துவிட்டார். வெட்கமாகப் போயிற்று. ஓரங்கட்டி இறங்கினால், எதிரே ஆண்டாள் தேர்.

நம் ஊர்ப்பக்கம் பிரேக்கின் கதை அந்தத் தேரடியில்தான் தொடங்குகிறது. ஆடிப்பூரத்தன்று வடம் பிடிக்க ஆயிரம் பேர் உண்டு. நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சிலர்தான். உருளும் சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்துவிட்டுக் கையைக் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். காரியத்தைக் கெடுப்பவனை "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று வைகிறோம். அது நியாயமே இல்லை, அவர்தான் தேரைக் காப்பாற்றுகிறவர்! இப்போது தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. ஆனாலும் கட்டைக்கு வேலை போகவில்லை.

இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைப்பாதைகளிலும் குதிரை வண்டிக்காரர்கள் மரக்கட்டையைத்தான் சக்கரத்தில் அழுத்தினார்கள். அந்தக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை ஆணியடித்தார்கள். ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இதைப் பார்த்து, 1897 வாக்கில் பிரேக்குக்கென்றே தனி லைனிங் செய்யத் தொடங்கினார். ஃபெரோடோ கம்பெனி அவருடையதுதான். 1902-இல் பிரான்ஸின் லூயி ரெனோ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் ஷூ விரிந்து அழுத்தும் பிரேக்கை உருவாக்கினார். ஆனால் உள்ளே சூடு ஏறியதும் தோலும் பருத்தியும் கருகின. 1908 வாக்கில் ஃப்ரூட் கல்நாரைக் கொண்டுவந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அதே லைனிங்தான்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். தென்காசி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் போனேன். எடுத்த எடுப்பில் அவர் எதையும் கழற்றவில்லை. "காலையில மட்டும் கத்துதா, நாள் பூரா கத்துதா சார்?" என்றார். பனி ஈரத்தால் டிரம்மில் பிடிக்கும் லேசான துருவென்றால் நாலு மிதியில் போய்விடும். இது நாள் பூராவும் கத்தியது. பிறகு ரிவர்ஸில் எடுத்து மிதிக்கச் சொன்னார். சத்தமே இல்லை! முன்னால் போகும்போது டிரம்மின் சுழற்சி ஒரு ஷூவை இன்னும் உள்ளே இழுக்கும். ரிவர்ஸில் அந்த வேலை அடுத்த ஷூவுக்குப் போய்விடும். ஆக, கத்துவது முதல் ஷூ. என்னை ஓட்டச் சொல்லிவிட்டுக் கூடவே குனிந்து நடந்து, பின்பக்கம் இடது சக்கரம் என்று கண்டுபிடித்தார்.

டிரம்மைக் கழற்றினார். ரிவிட் வெளியே தெரியவில்லை, வீல் சிலிண்டரில் கசிவும் இல்லை. "சாக்பீஸ் இருக்கா சார்?" என்றார். ரிட்டயர்டு ஆனபிறகும் என் சட்டைப்பையில் ஒரு துண்டு கிடக்கும். டிரம்மின் உட்புறம் பூசி, ஷூவை வைத்துத் தேய்த்தார். லைனிங்கின் இரண்டு முனைகளில் மட்டும் வெள்ளை ஒட்டியது, நடுவில் ஒன்றுமில்லை. போன மாதம் வேறிடத்தில் மாற்றிய லைனிங் அது, டிரம்மின் வளைவுக்குப் படியவில்லை. முனை மட்டும் பட்டுப்பட்டு அதிர, டிரம் கோவில் மணிபோல அந்த அதிர்வை வாங்கிக் கத்தியிருக்கிறது.

முனைகளைச் சரிவாக அராவ வேண்டும். அதற்குமுன் டிரம்மிலிருந்த தூசியை ஊதுவதற்காக அவர் குனிந்தார்.

"டேய், ஊதாதடா!"

வகுப்பில் கத்துவதுபோலவே கத்திவிட்டேன். கல்நார் தீப்பிடிக்காது என்று இவருக்குப் போர்டில் எழுதிப்போட்டவன் நான்தான். அதன் இழை நுரையீரலில் தங்கினால் பல வருடம் கழித்துப் புற்றுநோய்கூட வரும் என்பதை அன்று சொல்லவில்லை. பாடத்தை முடிக்கிற அவசரம். இப்போது கல்நார் இல்லாத லைனிங்குகள் கிடைக்கின்றன. ஆனால் பழைய வண்டிக்குள் எந்தக் காலத்துத் தூசி இருக்கிறதென்று யார் கண்டது? ஈரத்துணியால் துடைத்தோம், நனைத்து நனைத்தே அராவினோம்.

"அப்போ இருபது வருஷமா ஊதிட்டு இருக்கேனே சார்?" என்று கேட்டார்.

பிரேக் இப்போது சத்தமில்லாமல் பிடிக்கிறது. வருகிற திங்கட்கிழமை அதே வண்டியில் அவரை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க.