பிளஸ் ஒன் உயிரியல்: காணாமல் போன ஒரு வருஷம்

ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். கையில் புது உயிரியல் புத்தகங்கள். தாவரவியல் ஒன்று, விலங்கியல் ஒன்று. பாடங்களை எண்ணி, இருக்கும் மாதங்களால் வகுத்து, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு டைம்டேபிள் போடாத பயாலஜி குரூப் மாணவர்கள் குறைவு. அந்த டைம்டேபிள்படி கடைசிவரை படித்தவர்கள் அதைவிடக் குறைவு!

ஆனால் தமிழ்நாட்டின் மேல்நிலை உயிரியல் வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அந்த டைம்டேபிளை உண்மையில் போட்டது மாணவனும் இல்லை, ஆசிரியரும் இல்லை. பரீட்சைதான் போட்டது. பரீட்சை கேட்ட பக்கம் கிழியக் கிழியப் படிக்கப்பட்டது. கேட்காத பக்கம் மடிப்புக் கலையாமல் பழைய பேப்பர் கடைக்குப் போனது. இப்படித்தான் பிளஸ் ஒன் என்ற ஒரு முழு வருஷமே பல பள்ளிகளில் காணாமல் போனது.

இந்தக் கதையைச் சொல்ல மூக்கண்டப்பள்ளி பொருத்தமான இடம். ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஊர். பெங்களூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகா. அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இன்னொரு பக்க எல்லையில் ஆந்திராவின் குப்பம். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள் இங்கே நிறைய. பத்தாம் வகுப்பு முடித்ததும் "பிளஸ் ஒன்னா, பியூசியா?" என்ற கேள்வி இந்தப் பகுதி வீடுகளில் சாதாரணம். மூன்று மாநிலமும் அதே இரண்டு வருஷத்தை மூன்று விதமாகப் பிரித்து வைத்திருந்தன. முதலில் தமிழ்நாட்டுக் கதை.

ஒன்று இரண்டானது

1978க்கு முன் தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்போடு எஸ்எஸ்எல்சி முடியும். அதன்பின் கல்லூரியில் ஒரு வருஷம் பியூசி. டாக்டராக ஆசைப்பட்டவர் அந்த ஒரே வருஷத்தில், ஒரு புதுக் கல்லூரியில், விரிவுரை கேட்டு உயிரியல் படிக்க வேண்டும். பழகுவதற்குள் வருஷம் முடிந்துவிடும்.

1978-இல் பிளஸ் டூ முறை வந்தது. பியூசி போய், பள்ளியிலேயே இரண்டு வருஷம் மேல்நிலைப் படிப்பு. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். படிக்க இரண்டு மடங்கு காலம். கல்லூரி இல்லாத சின்ன ஊர் பிள்ளைகளுக்கும் பக்கத்துப் பள்ளியிலேயே உயிரியல். ஓசூரில் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்து, வெளியூரிலிருந்து குடும்பங்கள் குடியேறிய காலமும் ஏறத்தாழ அதுதான்.

ஆனால் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. இரண்டு வருஷப் படிப்புக்குப் பொதுத்தேர்வு ஒன்றே ஒன்று, அதுவும் கடைசியில். அதில் வந்தது பிளஸ் டூ புத்தகம் மட்டும். பிளஸ் ஒன்னுக்கு நடந்தது பள்ளி அளவிலான தேர்வு. அந்த மார்க்கை வெளியே யாரும் கேட்கவில்லை.

இரண்டு ஒன்றானது

1984-இல் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு மாநில நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க்கை 200-க்கும், நுழைவுத்தேர்வை 100-க்கும் எடுத்துக் கூட்டி 300-க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத்தேர்வு நிறுத்தப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் போக வசதியில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம், நியாயமான காரணமும்கூட. அதன்பிறகு எல்லாமே பிளஸ் டூ மார்க்தான். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200. கால் மார்க்கில், அரை மார்க்கில் எம்பிபிஎஸ் சீட் கைமாறிய காலம் அது.

இப்போது ஒரு பள்ளி நிர்வாகத்தின் இடத்தில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் இரண்டு வருஷம். மார்க் தருவது இரண்டாவது வருஷப் புத்தகம் மட்டும். முதல் வருஷத்தில் முதலீடு செய்தால் வரவு பூஜ்யம். அப்புறம் என்ன நடக்கும்? நடந்தது. பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேர்ந்த சில வாரங்களிலேயே பிளஸ் டூ புத்தகம் கைக்கு வந்தது. ஒரே புத்தகத்தை இரண்டு வருஷம் திருப்பித் திருப்பி... ரிவிஷன், டெஸ்ட், மறுபடி ரிவிஷன், மறுபடி டெஸ்ட்.

அதற்குள்ளும் ஒரு சல்லடை இருந்தது. அதன் பெயர் ப்ளூ பிரிண்ட். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை ஒரு மார்க், எத்தனை பெரிய கேள்வி என்று முன்கூட்டியே தெரியும். உயிரியலின் 200 மார்க்கில் செய்முறை 50 போக எழுத்துத் தேர்வு 150. அதில் தாவரவியல் 75, விலங்கியல் 75. எந்தப் பாடத்தை விட்டாலும் தேறலாம் என்று தீர்மானிக்க இந்தக் கணக்கு போதும். விலங்கியலின் முதல் பாடமான மனித உடற்செயலியலை மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள் தெரிந்தால் ஒரு மார்க் கைக்கு வந்துவிடும்.

நாமக்கல், கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெயர் மாநில ரேங்க் பட்டியலில் அடிக்கடி வந்த வருஷங்கள் அவை. மாணவர்களின் உழைப்பு பொய்யில்லை. அதிகாலையில் எழுந்து இரவு வரை படித்தவர்கள் அவர்கள். ஆனால் பாடங்களைத் தாண்டும் வழக்கம் இருந்த பள்ளிகளில், செல்லின் அமைப்பு, தாவர உலகம், விலங்குகளின் வகைப்பாடு போன்ற பிளஸ் ஒன் அடிப்படைகள் படிக்கப்படாமலே போயின. அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டிய கதை.

பக்கத்து மாநிலத்தில் என்ன?

இங்கேதான் எல்லை ஊரின் பார்வை உதவுகிறது. ஆந்திராவில் இன்டர்மீடியட் என்பது இரண்டு வருஷம், இரண்டு வருஷத்துக்கும் தனித்தனியாகப் பொதுத்தேர்வு. பைபிசி குரூப்பில் தாவரவியலும் விலங்கியலும் நீண்ட காலம் தனித்தனிப் பாடங்கள். முதல் வருஷ மார்க்கும் இறுதி மார்க்கில் சேரும். எனவே முதல் வருஷப் புத்தகத்தை அங்கே யாரும் மூடி வைக்க முடியவில்லை.

கர்நாடகாவில் பியூசி என்ற பெயர் இன்னும் இருக்கிறது, அது இரண்டு வருஷப் படிப்பு. முதல் வருஷத்துக்குத் தமிழ்நாடு போலவே மாநிலப் பொதுத்தேர்வு இல்லை. ஆனால் அறிவியல் பாடங்களுக்கு அங்கே என்சிஇஆர்டி புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். அதாவது அத்திப்பள்ளியில் பியூசி படிக்கும் மாணவன் கையில் இருந்தது அகில இந்தியத் தேர்வுகள் எந்தப் புத்தகத்தை வைத்துக் கேள்வி கேட்கின்றனவோ அதே புத்தகம். சில கிலோமீட்டர் தள்ளி மூக்கண்டப்பள்ளியில் இருந்தது வேறு புத்தகம், வேறு வரிசை.

2017: விழித்த வருஷம்

2017-இல் தமிழ்நாட்டு எம்பிபிஎஸ் சேர்க்கைக்கு நீட் கட்டாயமானது. 180 கேள்விகளில் 90 உயிரியல். 720 மார்க்கில் 360. கேள்விகள் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வந்தன. நாற்பது வருஷமாக யாரும் கேட்காத பிளஸ் ஒன் புத்தகத்தை ஒரு பரீட்சை திடீரென்று கேட்டது!

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒளிச்சேர்க்கை, தாவரச் செயலியல், மனித உடற்செயலியல் எல்லாம் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பாடங்கள். என்சிஇஆர்டியில் அவை பதினொன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிடும். இரண்டு வருஷமும் ஒழுங்காகப் படித்திருந்தால் இந்த வரிசை மாற்றம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு வருஷத்தைத் தொலைத்தவர்களுக்குத்தான் அடி.

அந்த வருஷம் மே மாதம் அரசு சில முடிவுகளை எடுத்தது. ரேங்க் அறிவிப்பு நிறுத்தப்பட்டது. 2017-18 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு. மொத்த மார்க் 1200 என்பது ஒவ்வொரு வருஷமும் 600 என்று மாறியது. உயிரியல் 200-க்குப் பதில் 100. எழுத்துத் தேர்வு 70 (தாவரவியல் 35, விலங்கியல் 35), செய்முறை 20, அகமதிப்பீடு 10. ப்ளூ பிரிண்டும் போனது. 2018-19-இல் பிளஸ் ஒன்னுக்கும், 2019-20-இல் பிளஸ் டூவுக்கும் க்யூஆர் கோடு, கலைச்சொல் பட்டியல் எல்லாம் சேர்த்துப் புதுப் புத்தகங்கள் வந்தன. ஒளிச்சேர்க்கை பிளஸ் ஒன்னுக்கு வந்தது. மரபியலும் உயிரித் தொழில்நுட்பமும் பிளஸ் டூவில் நின்றன. புத்தகம் கனம், நாள் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். அதுவும் உண்மைதான்.

தமிழில் எழுதியவர்களுக்கு வார்த்தையே ஒரு தடையாக இருந்தது. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பில் பிழை என்று வழக்குப் போனது. சிறுத்தை இனத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் "சீத்தா" என்று அச்சாகியிருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கேள்விக்கு 4 மார்க் வீதம் 196 மார்க் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாடப்புத்தகத்தில் படித்த சொல் பரீட்சையில் வேறு சொல்லாக வந்தால் படித்தவன் என்ன செய்வான்?

மறுபடியும் ஓட்டை

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்த வேகத்திலேயே அதன் பலம் குறைந்தது. 2018 செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் டூவின் 600 மார்க் மட்டும் போதும் என்று அறிவித்தார்கள். தேர்வு இருந்தது, மதிப்பு குறைந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. சிப்காட்டில் ஷிஃப்ட் போகும் அப்பாக்களின் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு. ஆனால் அந்தக் கதவைத் திறக்கவும் நீட் மார்க் வேண்டும், நீட்டுக்கு பிளஸ் ஒன் பாடம் வேண்டும்.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது. மூன்று வருஷம் தொடர்ந்து (பத்து, பதினொன்று, பன்னிரண்டு) பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளுக்கு அழுத்தம் என்பது காரணம். பதினாறு வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் எவருக்கும் இது புரியும். எனவே முடிவைக் குறை சொல்வதற்கில்லை. கவலை வேறு. 1978-இல் இருந்த அதே ஓட்டை மறுபடி திறந்திருக்கிறது.

ஒரு எளிய கணக்கு. 2022-23-இல் குறைக்கப்பட்ட பிறகு என்சிஇஆர்டி உயிரியலில் பதினொன்றாம் வகுப்புக்கு 19 பாடம், பன்னிரண்டுக்கு 13, மொத்தம் 32. ஜூன் முதல் டிசம்பர் வரை பாடம் நடத்த ஏழு மாதம், பிறகு ரிவிஷன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருஷமாகப் பிரித்தால் முதல் வருஷம் மாதம் மூன்று பாடத்துக்கும் குறைவு, இரண்டாம் வருஷம் மாதம் இரண்டு. படம் வரைந்து பார்க்க, லேபில் வெங்காயத் தோலை நுண்நோக்கியில் வைத்துப் பார்க்க, சந்தேகம் கேட்க நேரம் மிஞ்சும். எல்லாவற்றையும் கடைசி வருஷத்தில் திணித்தால் மாதம் நாலரை பாடம். கூடவே இயற்பியல், வேதியியல். அதன் விளைவு என்ன? பிளஸ் டூ முடித்து மறுபடி ஒரு வருஷம் ரிப்பீட்டர் பேட்ச், அதற்கு ஃபீஸ், ஹாஸ்டல். பள்ளியில் இலவசமாகக் கிடைத்த ஒரு வருஷத்தைத் தொலைத்துவிட்டு, அதே வருஷத்தைக் காசு கொடுத்து வாங்குவது! வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை வேறு படிப்புக்குப் போய்விடும்.

இந்த நாற்பத்தேழு வருஷக் கதை சொல்வது இதுதான். பரீட்சையைப் பார்த்து டைம்டேபிள் போட்டால் பரீட்சை மாறும்போதெல்லாம் ஏமாற வேண்டியிருக்கும். புத்தகத்தைப் பார்த்துப் போட்டால் எந்தப் பரீட்சை வந்தாலும் கவலையில்லை. இனி பிளஸ் ஒன் புத்தகத்தை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஜூனில் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போடும் அந்த டைம்டேபிள் இந்த முறையாவது பிளஸ் ஒன்னின் முதல் பாடத்திலிருந்து தொடங்கட்டும்.